கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா

ஏழாம் நம்பர் லயம்,
மேல்கணக்கு, ஹார்ட்வுட் தோட்டம்,
வட்டகொடை.
16.09.2009, புதன்கிழமை

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அழகுமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி புருஷன் கந்தப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். என் வலது முட்டி மட்டும் சுகமில்லை. அது சுகமாக இருக்கிறது என்று எழுதினால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். கொழும்பில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி பூரணியும் வெயிலையும் கொசுவையும் மீறிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். வீட்டில் உள்ள ஒரே போன் என் மகள், உங்கள் மருமகள் சர்மிளாவின் கையில் இருக்கிறது, நான் எழுதப்போவதும் அவளைப் பற்றித்தான். அதோடு, முப்பத்திரண்டு வருஷம் இந்தத் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்து ஊரார் கடிதங்களை எல்லாம் லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன், எனக்காக எழுதுகிற முதல் நீளமான கடிதம் இது. பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு பொய் கேட்கப் போகிறேன்.

நடந்ததற்கெல்லாம் முதல் காரணம் நீங்கள்தான், மச்சான். மனதில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேச எனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், உங்கள் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை, மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய நுவரெலியா லொறியில் ஏற்றி அனுப்பினீர்களே, அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனி. பெட்டியைத் திறந்தபோது லீக்ஸ் வாசம் அடித்தது. சூடேறினால் இன்றைக்கும் அடிக்கிறது. புள்ளை ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள், டைப் அடிக்கப் பழகினால் தோட்டத்து ஆபீசில் ஒரு வேலை கிடைக்கும் என்று நீங்களும் நானும் பேசிக்கொண்டோம். அவள் இன்றுவரை ஒரு கடிதம் டைப் அடித்ததில்லை. மாறாக, அவள் அதைப் போட்டவுடன் பக்கத்துக் காம்பரா மீனம்மாவின் டீவியில் படம் நாலு பக்கமும் சுருங்கித் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை குடும்பம் இருக்கிற நம் லயத்துக்கு வருகிற கரண்டின் இலட்சணம் உங்களுக்குத் தெரியும். சாயந்தரமானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “அடியே சர்மிளா, அதை அணைச்சுத் தொலைடி! மாமியாக்காரி மூஞ்சி பாதிதான் தெரியுது!” என்று சத்தம் வரும். இவள் இங்கிருந்து, “அஞ்சு நிமிசம் அத்தே, வானம் மட்டும் முடிச்சுக்கிறேன்!” என்பாள். ஒரு வானத்தை முடிக்க அவளுக்கு மூன்று நாள் ஆகும்.

அவள் செய்கிற வேலை என்னவென்று நான் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன். இது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் வரைந்து போடுகிற வேலையாம். விளையாட்டு என்றால் ஓடுவார்கள், சுடுவார்கள் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஒருவரும் ஓடவில்லை. பெரிய கண்ணும் சின்ன மூக்குமாக ஒரு பெண்பிள்ளை வந்து நிற்கிறது, கீழே எழுத்து வருகிறது, வாசித்துவிட்டுத் தட்டினால் அடுத்த எழுத்து வருகிறது. “இது கதப்பொஸ்தகம்டி” என்றேன். “ஆமாப்பா, ஆனா நடுவுல நீங்கதான் முடிவு சொல்லணும். இப்ப மழ பெய்யுது. ஒங்க கையில ஒரு கொட இருக்கு. அவளுக்குக் குடுக்கிறீங்களா, இல்லையா?” என்றாள். குடுத்தால் கதை ஒரு பக்கம் போகுமாம், குடுக்காவிட்டால் இன்னொரு பக்கம் போகுமாம். ஒரே குடையை முன்பின் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? நான் மறுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, ஸ்கூலை விட்டு நின்று, இரண்டு தட்டலில் கதை முடிந்துபோனது. உங்கள் தங்கச்சி நாகலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கி வைக்காமலே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். “குடுத்திருந்தா என்னாங்க கொறஞ்சுபோயிருக்கும்?” என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெண்பிள்ளையைப் போடுவது சர்மிளா இல்லை, அது மலேசியாவில் இருக்கும் யாரோ ஒருவர். கதை எழுதுவது கனடாவில் ஒருவர். கதை நடப்பது ஜப்பானில். இவர்கள் கூட்டத்தில் ஜப்பானைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை, ஒருவரை ஒருவர் கண்டதுமில்லை. எல்லாம் ஹட்டன் டவுன் இன்டர்நெட் கடை வழியாகத்தான் நடக்கிறது. நம் பிள்ளையின் பங்கு, அந்தப் பெண்பிள்ளைக்குப் பின்னால் இருக்கிற இடம். ஸ்கூல், ரோடு, ஸ்டேஷன், வீடு. அதற்குப் பெயர் பேக்கிரவுண்டு. இந்தச் சொல்லை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது எங்கள் மானத்தை வாங்கியது.

பேக்கிரவுண்டு என்றால் அதில் ஆள் இருக்கக் கூடாதாம். ஆட்கள் பிறகு வந்து நிற்பார்களாம். ஆகவே அவள் போனைத் தூக்கிக்கொண்டு மாதிரிக்குப் படம் எடுக்கக் கிளம்பினால் முதல் வார்த்தை, “கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா” என்பதுதான். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் தள்ள வேண்டும். வாசலில் நின்று முகச்சவரம் செய்தால் பாதி முகத்தோடு தள்ள வேண்டும். கோயிலடி, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை, கடைச்சந்தி, எங்கே போனாலும் அந்த இடத்துக்கு நான் அதிகப்படி. பிறந்து அறுபத்தொரு வருஷமாக நான் நிற்கிற இடத்திலிருந்தெல்லாம் பெற்ற மகளே என்னைக் கிளப்பிவிட்டாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளைகூட என்னை இவ்வளவு தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

போடுவதையாவது ஒழுங்காகப் போடுகிறாளா என்றால், ஜப்பான் ஸ்கூலுக்கு நம் லயத்து இஸ்தோப்பைப் போட்டிருக்கிறாள். வசந்தகாலத்தில் அங்கே மரமெல்லாம் ரோஸ் நிறத்தில் பூக்குமாம். இவள் கண்டது மலைச்சரிவில் நிற்கிற முள்முருங்கை. அதையே ரோஸ் நிறத்தில் பூக்க வைத்துவிட்டாள். ஸ்கூல் முற்றத்தில் ஒரு பீலி, தண்ணீர் கொட்டுகிறது. கனடாக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இது என்னவென்று தெரியவில்லை, ஆனால் வெகு அழகு என்று எழுதி, கதையையே மாற்றிவிட்டாராம். கதாநாயகி இப்போது கதாநாயகனை முதன்முதலில் சந்திப்பது நம் பீலிக்கரையில். நம் பீலிக்கரையில் வாளியை முந்தி வைத்ததற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டே தவிர, ஒருவரை ஒருவர் பார்த்துக் கண் கலங்கியவர்கள் கிடையாது. ஒரே ஒரு குறை மட்டும் சொன்னாராம். கதையின் பின்பாதி நடப்பது கோடைகாலத்தில், அந்தப் படத்திலெல்லாம் ஏன் மூட்டம் இறங்கியிருக்கிறது? சர்மிளா பாவம், முழுசாகக் குழம்பிப்போய் என்னிடம் வந்து, “அப்பா, மூட்டமே இல்லாம மல எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

இன்னொரு கூத்து, லேயர். ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “இன்னிக்கு நாலு லேயர் முடிச்சேம்ப்பா” என்றாள். எனக்கு அது லயம் என்று விழுந்தது. நாலு லயம் கட்டுகிறவள் நம் வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்ற ஒரு வழி பார்க்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். வானம் ஒரு லேயர், மலை ஒரு லேயர், மரம் ஒரு லேயராக ஒன்றின் மேல் ஒன்றைப் போட வேண்டுமாம். அதோடு நிற்காமல் ஒரே இடத்தைக் காலை, அந்தி, இரவு, மழை என்று நாலு தரம் போட வேண்டும். அந்த நாலும் நம் ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து போய்விடும் என்றேன். நிழலுக்கு ஊதா நிறம் பூசுகிறாள். “நெழல் கறுப்புடி” என்றேன். “போய்ப் பாருங்கப்பா” என்றாள். போய்ப் பார்த்தேன். நாலு மணி வெயிலில் தேயிலைச் செடிக்குக் கீழே விழுந்த நிழல் ஊதாவாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அந்தப் பாதையிலேயே பை தூக்கி நடந்தும் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

சித்திரை மாதத்தில் வட்டகொடை ஸ்டேஷனைப் போடுகிறேன் என்று கொப்பியும் பென்சிலுமாக பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்று ரயில் வந்து போய்விட்டது, இவள் ஏறவும் இல்லை, யாரையும் வரவேற்கவும் இல்லை, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டேஷனில் வேலை செய்கிற பெரிய மனுஷர் ஒருவர் மனம் பொறுக்காமல் ஒரு பிளேன்டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “துவே, கெதர யன்ன”, மகளே வீட்டுக்குப் போ என்று சிங்களத்தில் சொல்லி, காதல் தோல்வி எல்லோருக்கும் வருவதுதான், அதற்காக ரயிலைப் பார்க்கக் கூடாது என்று அரை மணி நேரம் ஆறுதல் சொல்லியிருக்கிறார். இவள் மரியாதைக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டு பிளேன்டீயையும் குடித்திருக்கிறாள். நான் தேடிப் போனால் அவர் என் தோளில் கை வைத்து, “துவட்ட பனின்ன எப்பா” என்கிறார். மகளைத் திட்டாதே என்று எனக்குப் புத்தி! இன்றைக்கும் என்னைக் கண்டால், பிள்ளை மனம் தேறிவிட்டதா என்று கேட்கிறார். தேறி வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி மானம் போன கதை. ஆனி மாதம் தரகர் மாயாண்டி றொசல்லயிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பெயர் தர்ஷன், ஹட்டனில் ஒரு கடையில் சூப்பர்வைசர், குடிப்பழக்கம் இல்லை, சொந்தமாக மோட்டார் சைக்கிள். பையன், அப்பா, அம்மா மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நாகலெட்சுமி வடை கொண்டுவந்து வைத்தாள். பையனின் அப்பா, “மக என்னா செய்றாங்க?” என்று கேட்டார். மகளைக் கொஞ்சம் தூக்கிப் பேசுவோம் என்று, “பேக்கிரவுண்டு எடுக்கிறாங்க” என்றேன். அந்த மனுஷர் வடையை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, “யார் பேக்கிரவுண்டு?” என்றார். “கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்கும். கனடா, மலேசியாவில இருந்தெல்லாம் கேக்கிறாங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு” என்றேன். பையனின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மாயாண்டி எனக்குக் கண் காட்டினார். பிள்ளையைப் புகழ்ந்தது போதும் என்று சொல்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் புகழ்ந்தேன். “நேரே போய்த்தான் எடுக்கும். காலையில இருந்து சாயந்தரம்வரை ஒரு எடத்தில ஒக்காந்து பாத்து, ஒரு சின்ன விசயம்கூட விடாது.”

அந்த நேரம் பார்த்து சர்மிளா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். பையனின் அப்பா தொண்டையைச் செருமி, “எங்க பக்கமும் வந்தீங்களா, மகள்?” என்று கேட்டார். இவளுக்கு வேலையைப் பற்றி ஒரு மனுஷர் கேட்டுவிட்டாரே என்று முகமெல்லாம் பூரிப்பு. “றொசல்லதானே மாமா? போன மாசமே எடுத்து முடிச்சிட்டேன். ஸ்டேஷன் பக்கம் முழுக்க எடுத்தாச்சு. ஆளுங்கள மட்டும் இன்னும் சேர்க்கல” என்றாள்.

அவ்வளவுதான் மச்சான். மனுஷர் வடையைத் தட்டில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, “அந்தப் பண்டாரவளப் புள்ள விசயம் முடிஞ்சு போச்சுங்க. நாங்க மறைக்கணும்னு நெனைக்கல” என்றார். அம்மா அவர் தொடையில் கிள்ளினார். அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த பையன் எழுந்து நின்று, “எங்கப்பா முடிஞ்சுச்சு? நான் முடியலன்னுதானே ஒரு வருசமா சொல்றேன்! இந்தத் தங்கச்சியே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, இனி என்னா மறைக்கிறது?” என்று கத்தினான். மீனம்மா டீவியை அணைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்துவிட்டாள் என்பது அந்தப் பக்கத்து அமைதியிலேயே தெரிந்தது. சர்மிளா தட்டோடு நின்று, “எந்தப் புள்ள? படத்தில ஆளே இல்லையே!” என்று என்னைக் கேட்கிறாள். மூன்று பேரும் போனபிறகு மாயாண்டி மிஞ்சிய வடையை எல்லாம் தின்றுவிட்டு, இந்த வீட்டுக்கு இனி வரன் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பையன் ஆவணியில் பண்டாரவளைப் பிள்ளையைக் கட்டிக்கொண்டான். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. உறையின் மேல், “பேக்கிரவுண்டு எடுத்த தங்கச்சிக்கு நன்றியுடன்” என்று எழுதியிருந்தது.

சரி, நான் கேட்க வந்த பொய்க்கு வருகிறேன். போன கிழமை, பழக்கம் விடாமல் புதுத் தபால்காரனோடு கதைத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தேன். சர்மிளாவின் பெயருக்கு ஒரு நீண்ட உறை. நானே ஆசையாக வாங்கி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்து, நானே அவள் கையில் கொடுத்தேன். கொழும்பில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பனி. இவள் படங்களை இன்டர்நெட்டில் பார்த்தார்களாம். ஒக்டோபர் முதலாம் திகதி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்ததும் அவள் சொன்னது, “மாமா வீட்டுல தங்கிக்கிறேம்ப்பா” என்பதுதான். அவள் அம்மாவுக்கும் சம்மதம். நான்தான், மாமா என்ன சொல்கிறாரென்று கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லி நாலு நாளை ஓட்டிவிட்டேன். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். வீட்டில் இடமில்லை, அல்லது பூரணிக்கு உடம்புக்கு முடியவில்லை, அல்லது வீட்டுக்காரர் ஆள் சேர்க்கக் கூடாது என்கிறார். எது உங்களுக்கு வசதியோ அது. உங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள்.

காரணம் கேட்பீர்கள். வெயில், பஸ் நெரிசல், கொசு, கல்யாண வயது என்று நாலு காரணம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உங்களிடம் பொய் கேட்கிறவன் உங்களிடமே பொய் சொல்லக் கூடாது. போன மாதம் அவள் எங்கள் காம்பராவையே ஒரு படமாகப் போட்டிருந்தாள். அடுப்பு, கொழுந்துக் கூடை, ஆணியில் தொங்குகிற என் பழைய தபால் பை, பக்கத்தில் என் கறுப்புக் குடை, ஜன்னலில் வெளிச்சம். ஒன்றும் தப்பில்லை. நாகலெட்சுமி பார்த்துவிட்டு, “எல்லாம் இருக்கு, நம்ம ஒருத்தரையும் காணோமே” என்றாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் போய்விட்டால் இந்தக் காம்பரா அப்படித்தான் இருக்கும், மச்சான். நாங்கள் இரண்டு பேரும் உள்ளேதான் இருப்போம். இருந்தாலும் ஆளில்லாத வீடுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

ஆகவே தயவுசெய்து அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். தங்கச்சி பூரணிக்கு எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வட்டகொடை முருகனை வேண்டிக்கொள்கிறோம். மீனம்மாவும் உங்களைக் கேட்டதாகச் சொன்னாள். கொடுத்த கம்ப்யூட்டருக்கு இதோடு மூன்றாவது தடவையாக நன்றி, மூன்றாவது தடவையாக முறைப்பாடு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
மா. கந்தப்பன்
(இளைப்பாறிய தோட்டத் தபால்காரர்)

பின்குறிப்பு: 18ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. மேலே எழுதியதில் முட்டிவலியைத் தவிர ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தபாலில் போட இறங்கும்போது சர்மிளா வாசலுக்கு எதிரில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல, அவள் சொல்லாமலே நான் ஒதுங்கினேன். “தள்ளாதீங்கப்பா. அங்கேயே நில்லுங்க. அம்மா, நீங்களும் வாங்க” என்றாள். “பேக்கிரவுண்டுல ஆளு இருக்கக் கூடாதுன்னியே?” என்றேன். “இது பேக்கிரவுண்டு இல்லப்பா. போனா அங்க வச்சிப் பாக்கிறதுக்கு. மாமா வேணாம்னு எழுதினாலும் பரவால்ல, எடுத்து வச்சிக்கிறேன்” என்றாள். சட்டைப்பையில் இந்தக் கடிதத்தோடு நான் அங்கே நின்றேன், மச்சான். படத்தில் திருடன் முழி முழிக்கிறேன் என்று நாகலெட்சுமி சொல்கிறாள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எழுதிய கடிதம் போய்ச் சேராமல் விடுவது என் கையால் ஆகாத காரியம், அதனால்தான் அனுப்புகிறேன். வாசித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள், சர்மிளா கண்ணில் படக் கூடாது. அவள் வருகிற 27ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பொடி மெனிக்கே ரயிலில் வருகிறாள். கோட்டை ஸ்டேஷனில் தவறாமல் நில்லுங்கள். படம் எடுக்க ஆரம்பித்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், கோபிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் லொறியில் வருகிறது. இனி டீவி முழுசாகத் தெரியும் என்று மீனம்மாவிடம் சொன்னேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொழும்பில் இப்போது மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். என் கறுப்புக் குடையை அவளிடம் கொடுத்துவிட்டேன்.